அது பசிக்குக் கத்தவில்லை

விடிந்ததும் கொடாப்பைத் தூக்கிக் கோழியையும் குஞ்சுகளையும் மேய விட்டுவிட்டு அத்தை பால் ஊற்றப் போயிருந்தார். தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீடு, மார்கழி மாதம். அவர் திரும்பி வர அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் கீரி வந்து போய்விட்டது. தாய்க்கோழி கழுத்தில் கடிபட்டுக் கிடந்தது. பொரித்து ஐந்து நாளே ஆன ஒன்பது குஞ்சுகளில் ஆறு, வாசலிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் சிதறிக் கிடந்தன. ஒன்றைக்கூடத் தின்றிருக்கவில்லை. மூன்றைக் காணவில்லை.

தின்னாத இரையை எதற்குக் கொல்ல வேண்டும்? கீரிக்கு வெறி என்று ஊரில் சொல்வார்கள். ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் இதைப் பற்றி எழுதினார். கடற்காகங்கள் கூட்டமாக முட்டையிடும் இடத்தில் நரிகள் ஒரே இரவில் பறவைகளைக் கொன்று போட்டுவிட்டுப் போனதை அவர் பார்த்திருந்தார். அவர் கண்டுசொன்னது சுருக்கமாக இதுதான்: வயிறு நிறைந்தால் தேடி அலையும் ஆசை அடங்கும், ஆனால் இரை மூக்குக்கு முன்னால் வந்து ஓடினால் கடிக்கும் தூண்டுதல் அடங்காது. காட்டில் பெரும்பாலும் முதல் கடியோடு மற்றவை பறந்து ஓடிவிடும், ஆகவே அப்படியொரு தடை தேவைப்படுவதில்லை. பறக்கத் தெரியாத குஞ்சுகள் ஓடுகிற நம் வாசல் போன்ற இடத்தில் அது ‘மிகைக்கொலை’ ஆகிறது. கீரியை இதோடு விட்டுவிடுகிறேன். என்னைக் குடைந்தது வேறு ஒன்று.

எட்டு மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு, வேலியோரம் அடுக்கியிருந்த தென்னை மட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கீச், கீச், கீச் என்று நிற்காத குரல். கீரி வாசலில் இருந்தவரை மூச்சுக் காட்டாமல் கிடந்த குஞ்சு, ஆபத்து நீங்கிய பிறகு ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது! முன்னால் நொய்யரிசி போட்டேன்; தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது பசிக்குக் கத்தலை கண்ணு, ஆத்தாளத் தேடுது” என்றார் அத்தை. எனக்கு அது கதை கேட்பது போல இருந்தது. பிறகு படித்துப் பார்த்தால், அவர் சொன்னதில் முக்கால் பங்கு சோதனைகளால் உறுதியானது. அவர் சொல்லாத மீதிக் கால் பங்கும் முக்கியமானதுதான். அதில்தான் குஞ்சின் உயிர் இருந்தது.

முதலில் அந்த அமைதி. கோழிகளிடம் ஆபத்தைச் சொல்ல ஒரு குரல் அல்ல, இரண்டு உண்டு: வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. கிறிஸ் எவன்ஸ், பீட்டர் மார்லர் உள்ளிட்டோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கூண்டுக்கு மேலே ஒரு திரையில் பருந்து பறப்பதையும், பக்கவாட்டுத் திரையில் தரையில் நடமாடும் ரக்கூன் என்ற வேட்டை விலங்கையும் சேவல்களுக்குக் காட்டினார்கள். பருந்துக்கு ஒரு குரல் வந்தது, ரக்கூனுக்கு முற்றிலும் வேறு குரல். அந்தக் குரல்களை மட்டும் பதிவு செய்து பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, முதல் குரலுக்கு அவை பதுங்கின. இரண்டாவதற்குக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தன. எந்த விலங்கும் கண்ணில் படவில்லை. குரலே தகவலாக இருந்தது. குஞ்சுகள் இந்த எச்சரிக்கைக்குச் செய்வது ஒன்றுதான்: ஓடி ஒடுங்கி உறைந்துபோவது. நம் குஞ்சு மட்டைக்கு அடியில் அப்படித்தான் தப்பியிருக்க வேண்டும்.

அப்படியானால் பிறகு ஏன் கத்த வேண்டும்? 1930களில் ஜெர்மனியில் புரூக்னர் என்பவர் செய்த எளிய சோதனை ஒன்றை, யாக்கோப் ஃபான் யூக்ஸ்குயில் தன் நூலில் படத்தோடு எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு குஞ்சின் காலைக் கட்டி, வேலிக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். குஞ்சு கத்தியது, தாய் அதைப் பார்க்காமலேயே சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்து, கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் கொத்தத் தேடியது. அடுத்து அதே குஞ்சைத் தாயின் கண்ணெதிரே கண்ணாடி மணிக்குள் கட்டிப் போட்டார்கள். குஞ்சு துடிப்பது தெரிகிறது, சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. தாய் எதுவும் நடக்காதது போல மேய்ந்துகொண்டிருந்தது. தாயை இழுப்பது குஞ்சின் கோலம் அல்ல, குரல். தாயில்லாமல் ஐந்து நாள் குஞ்சு எப்படியும் பிழைக்காது. அதனால், சத்தம் போட்டால் எதிரி வருவான் என்ற ஆபத்தையும் தாண்டி அது கத்தியே ஆக வேண்டும். கிணற்றில் விழுந்தவனுக்கு வாளிக்கயிறு எப்படியோ, குஞ்சுக்கு இந்தக் குரல் அப்படி. மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

குஞ்சை எடுத்துப் பார்த்தோம். இறக்கைக்கு அடியில் சிறு பல்தடம், உலர்ந்த ரத்தம். இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத்திரை உண்டு. மூச்சை இழுத்துவிடுவதில் பெரும்பங்கு அதனுடையது. பறவைக்கு அது கிடையாது. நெஞ்செலும்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் அது உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகளை நிரப்புகிறது, காலியாக்குகிறது. பயத்தில் துள்ளுகிறதே என்று இறுக்கிப் பிடித்தால், மூக்கு திறந்திருந்தாலும் குஞ்சு மூச்சுத் திணறிச் சாகும். கூடு போலக் குவித்த கைக்குள்தான் வைக்க வேண்டும். பல் பட்ட காயம் மேலே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். கடித்த வாயின் கிருமி உள்ளேயே தங்கிவிடும். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தோம். அன்றே கால்நடை மருந்தகத்தில் காட்டியதும் நல்லதாயிற்று. குஞ்சை முழுதாகக் கழுவ நான் கிளம்பியபோது அத்தை கையைத் தட்டிவிட்டார். அதற்கான காரணம்தான் இனி நான் சொல்லப்போகும் கால் பங்கு.

சோற்றை வடித்துக் குவித்து வைத்தால் ஒரு மணி நேரம் கழித்தும் நடுவில் சூடு இருக்கும். அதையே வாழையிலையில் பரப்பினால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். சோறு அதே அளவுதான். காற்றுப் படும் பரப்புதான் கூடியது. உடம்பும் அப்படியே. சூட்டை உண்டாக்குவது உடம்பின் நிறை, இழப்பது தோலின் பரப்பு. நாட்டுக்கோழிக் குஞ்சு முப்பது கிராம், தாய் ஒன்றரைக் கிலோ என்று கொள்வோம். இரண்டுக்கும் ஒரே வடிவம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிராம் உடம்புக்கும் குஞ்சுக்குத் தாயைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் தோல் இருக்கிறது. அந்தத் தோலை மூடியிருப்பதும் இறகு அல்ல, பஞ்சு. அது நனைந்துவிட்டால், நீர் ஆவியாகும்போது மிச்சச் சூட்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அத்தை கையைத் தட்டியது இதனால்தான்.

வளர்ந்த கோழியின் உடல்வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வெளியே எப்படி இருந்தாலும் அதைக் குறையாமல் காக்கும் ஏற்பாட்டை ‘வெப்பச்சமன்’ என்று சொல்லலாம். பொரித்த குஞ்சுக்கு இந்த ஏற்பாடு பாதிதான் வேலை செய்யும். இரண்டு வாரம் போல ஆக வேண்டும் அது தேற. அதுவரை மீதிப் பாதியைத் தாயின் வயிறும் உடன்பிறப்புகளும் தருகிறார்கள். ஒன்பது குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு குவிந்தால் ஒவ்வொன்றின் தோலிலும் பெரும்பகுதி அடுத்ததன் தோலோடு பட்டுவிடும். காற்றுக்கு எஞ்சுவது கொஞ்சம். வெப்பக் கணக்கில் ஒன்பது குஞ்சுகள் ஒன்பது உயிர் அல்ல, ஒரு குவியல் சோறு. நம் குஞ்சு அந்தக் குவியலிலிருந்து சிந்திய ஒற்றைப் பருக்கை.

அதனால்தான் கோழிப்பண்ணைகளில் முதல் வாரம் குஞ்சுகளுக்கு 35 டிகிரி அளவில் சூடு வைத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். நமக்கு இதமாக இருந்த அந்த மார்கழி வெயில் 27, 28 டிகிரிதான் இருக்கும். குஞ்சுக்கு அது குளிர். குளிர்ந்த உடம்பில் செரிமானம் ஓடாது; தீனிப்பையில் விழுந்தது அங்கேயே கிடக்கும். ஆகவே முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்கும் பிறகுதான் தீனி. நொய்யரிசியோடு ஓடிய நான் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். பசி அவ்வளவு அவசரமும் அல்ல. பொரிப்பதற்குச் சற்று முன் மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அது இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து நெடுந்தூரம் அனுப்ப முடிவது இந்தக் கட்டுச்சோற்றால்தான். ஐந்தாம் நாளில் அந்தச் சோறு தீர்ந்திருக்கும் என்றாலும், முந்தைய நாள் மாலைவரை தாயோடு மேய்ந்த குஞ்சு இது.

சூடு கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டியில் உமி பரப்பினேன். வெறும் செய்தித்தாள் கூடாது, வழுக்கிக் கால் அகன்றுவிடும். ஒரு மூலையில் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பைக் கட்டினேன். பெட்டி தகதகவென்று இருந்தது. குஞ்சு முன்னைவிட அதிகமாகக் கத்தியது. பழைய குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் சூடாகவே வெளிவிடும். வெளிச்சம் அதற்கு உபரி. எல்.இ.டி.யின் சிக்கனம் என்பதே அந்தச் சூட்டைத் தவிர்த்ததுதான். நான் குஞ்சுக்கு வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு வெப்பத்தை எதிர்பார்த்திருக்கிறேன்! மாட்டுக்கொட்டகையில் தூசி படிந்து கிடந்த அறுபது வாட் குண்டு பல்பு வந்தபிறகுதான் நிலைமை மாறியது. அதையும் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் கட்ட வேண்டும். ஒரு ஓரம் சூடு, மறு ஓரம் ஆறல் என்றிருந்தால் குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

பண்ணைக்காரர்களுக்குச் சூட்டை அளக்கக் கருவியே வேண்டாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்; சுவரோரம் ஒதுங்கி இறக்கை விரித்து வாய் திறந்தால் அனல்; பரவி நின்றால் சரி. ஒற்றைக் குஞ்சு யாரோடு குவியும், யாரை விட்டுப் பரவும்? அங்கே காதுதான் கருவி. 1953இல் நிக்கோலஸ் காலியஸும் மார்ட்டின் ஜூஸும் கோழிகளின் குரல்களை ஒலிவரைவி என்ற கருவியில் போட்டுப் பார்த்தார்கள். எந்தச் சுருதி எந்த நொடியில் ஒலித்தது என்பதைக் கோலம் போலத் தாளில் இழுத்துக் காட்டும் கருவி அது. குளிரிலும் தனிமையிலும் எழும் ‘தவிப்புக்குரலில்’ ஒவ்வொரு கீச்சும் மேலிருந்து கீழே சறுக்கியது. தாயின் சிறகுக்குள் புகுந்ததும் வரும் ‘நிறைவுக்குரலில்’ ஒவ்வொரு துணுக்கும் கீழிருந்து மேலே ஏறியது. கருவி இல்லாமலே இதைக் கேட்டுப் பழகலாம். அறுபது வாட் பல்பு எரிந்து கால் மணி நேரத்தில் எங்கள் பெட்டிக்குள்ளும் கீச்சுகளுக்கு நடுவே அப்படி மேலேறும் சில துணுக்குகள் வந்தன. ஆனால் சறுக்கும் கீச்சு நிற்கவில்லை. சூட்டின் பங்கு அவ்வளவுதான்.

தண்ணீரில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிஸ்டலில் வாழ்ந்த லாயிட் மார்கன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கருவியில் பொரித்த தாயில்லாக் குஞ்சுகளைத் தன் கையாலேயே வளர்த்துக் குறிப்பெடுத்தவர். தாகத்தோடு இருக்கும் குஞ்சு தண்ணீர்த் தட்டுக்குள்ளேயே நடந்து போகும், குடிக்காது. கண்ணுக்கு அது தண்ணீர் என்று தெரியவில்லை. ஆனால் தற்செயலாக அலகு நனைந்தால் போதும், உடனே தலையை அண்ணாந்து விழுங்கும். குடிக்கும் முறை கூடவே பிறக்கிறது. தண்ணீரின் தோற்றத்தைத்தான் கற்க வேண்டும். கோழி குடிக்கும்போது கூடவே கொத்திப் பார்த்து அது கற்கும். எனவே அலகின் நுனியை மட்டும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு எடுத்தால் போதும். வாயைத் திறந்து சொட்டுவிடப் போனால் வினைதான். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. தட்டில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைத்தோம்.

தீனிக்கும் மார்கனிடமே வழி இருந்தது. தாய்க்கோழி ஒரு மணியைக் கொத்திக் கீழே போட்டு, மறுபடி கொத்தி, டொக் டொக்கென்று கூப்பிடும். குஞ்சுகள் ஓடிவந்து அதையே கொத்தும். பென்சிலால் தரையைத் தட்டினாலும் குஞ்சுகள் வந்து கொத்துவதை அவர் கவனித்தார். அத்தை மார்கனைப் படித்ததில்லை. ஆள்காட்டி விரல் நகத்தால் தட்டினார். பத்து நிமிடத்தில் முதல் நொய் உள்ளே போனது. அதன் பிறகு கடையிலிருந்து குஞ்சுத் தீவனம் வாங்கினோம். வளரும் குஞ்சுக்கு அரிசியில் இல்லாத புரதம் வேண்டும். பழைய நாளில் கறையான் பிடித்துப் போடுவார்களே, அதுவும் இதற்காகத்தான்.

வெயில் தாழ்வதற்குள் குஞ்சுக்குச் சூடு இருந்தது, தண்ணீர் இருந்தது, தீனிப்பை சற்றே உப்பியும் இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டுக் கத்தியது. அத்தை கைக்குள் பொத்திக்கொண்டால் மட்டும் அடங்கும், கண்ணைச் செருகும். கீழே விட்டால் மறுபடி கீச். இப்போது அத்தையின் முக்கால் பங்குக்கு வருகிறேன்.

எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மூளையியலாளர் யாக் பாங்க்செப், 1970களின் இறுதியில் தனித்து விடப்பட்ட குஞ்சுகளின் தவிப்புக்குரலை எண்ணிக்கொண்டிருந்தார். மார்ஃபின் போன்ற அபினி வகை வலிநீக்கியை, மயக்கம் தராத மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது குரல் பெருமளவு குறைந்தது. நம் மூளையே இயற்கையாகச் சுரக்கும் அபினி போன்ற பொருள்களைத் தந்தபோதும் அப்படியே. அந்தப் பொருள்களைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் குரல் கூடியது. நாய்க்குட்டிகளிடமும் இதையே கண்டார். தாயின் அணைப்பில் மூளைக்குள் ஒருவகை வலிநீக்கி சுரக்கிறது, பிரிவில் அது வற்றுகிறது என்பது அவர் வந்து சேர்ந்த இடம். பிரிவை ‘வலி’ என்று சொல்வது நாம் ஏற்றிச் சொல்லும் உருவகம் மட்டும் அல்ல; உடம்பின் வலியை அடக்கும் அதே பொருள்கள் இதையும் அடக்குகின்றன. பொத்திய கையின் சூடும் இருட்டும் மெல்லிய அழுத்தமும் தாயின் சிறகை ஓரளவுக்கு நடிக்கின்றன.

இதைவிட எனக்குப் பயன்பட்டது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கென்னத் சஃப்கா குழுவின் கண்டுபிடிப்பு. குஞ்சைத் தனியே ஒரு பெட்டியில் விட்டு ஒலிவாங்கியில் குரலை எண்ணினால், முதல் சில நிமிடம் உச்சத்தில் இருக்கும். பிறகு அரை மணி நேரத்துக்குள் பாதி அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். பழகிவிட்டது, சமாதானமாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்போம். அவர்கள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மனிதரின் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து, முதல் கட்டக் கூச்சலைக் குறைத்தது. மனச்சோர்வுக்குத் தரும் மருந்தோ, இரண்டாம் கட்டத்தில் குரல் இறங்குவதைத் தடுத்தது. குஞ்சு தொடர்ந்து கத்தியது. இறங்கியது நிம்மதியால் என்றால், சோர்வுக்கான மருந்து அதை ஏன் மாற்ற வேண்டும்? அந்த மௌனம் அமைதி அல்ல, கைவிடல். இப்படிப் பெட்டிக்குள் அடைபட்ட குஞ்சுகளை நினைத்தால் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் இது தெரியாமல் இருந்திருந்தால், அன்று மாலை எங்கள் பெட்டி மெல்ல அடங்கியபோது நான் மகிழ்ந்திருப்பேன். அடங்கிய குஞ்சின் வாயிலிருந்து மேலேறும் துணுக்கு ஒன்றுகூட வரவில்லை. தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கோழிப்பண்ணைகளிலும் இந்தக் குரலுக்கு மதிப்புக் கூடிவருகிறது: பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பல்லாயிரம் குஞ்சுகள் உள்ள கொட்டகைகளில் முதல் சில நாள் கேட்கும் தவிப்புக்குரலை வைத்தே, பின்னால் எடை எப்படிக் கூடும், எத்தனை சாகும் என்று கணிக்க முடிந்தது.

‘நாமே தாயாகிவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். 1873இல் டக்ளஸ் ஸ்பால்டிங், குஞ்சுகளின் தலையில் பிறந்ததுமே முகமூடி போட்டு, பிறகு கழற்றிப் பார்த்தார். ஓரிரு நாளில் கழற்றினால் குஞ்சு அவர் பின்னாலேயே ஓடிவந்தது. நான்காம் நாள் கழற்றியவை அவரைப் பார்த்ததும் அலறி எதிர்த் திசையில் ஓடின. கொன்ராட் லோரன்ஸ் பின்னாளில் இதற்கு வைத்த ஜெர்மன் பெயருக்கு நாணயத்தில் முத்திரை குத்துவது என்று பொருள். ‘முத்திரைப்பதிவு’ என்று நாம் சொல்லலாம். உரிய நேரத்தில் குத்தினால்தான் பதியும். நம் ஐந்து நாள் குஞ்சின் மனதில் சிவப்புக் கொண்டையுள்ள ஒரு கோழி ஏற்கெனவே பதிந்துவிட்டது. அத்தையின் கை இதம்தான், தாய் அல்ல.

முதல் நாள் இரவு அத்தை தூணில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தார். ஆய்வுக்கூடங்களிலும் கண்ணாடி வைத்தால் தவிப்புக்குரல் குறைகிறது. குஞ்சு தன் உருவத்தை இன்னொன்று என்று எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தது. அது ஓரிரு நாளுக்கான ஒப்பேற்றல். கண்ணாடிக் குஞ்சுக்குச் சூடு கிடையாது.

பக்கத்துத் தோட்டத்தில் நான்கு நாள் முன்பு பொரித்த கோழி ஒன்று இருந்தது. மறுநாள் இரவு இருட்டில் நம் குஞ்சை அதன் அடியில் நுழைத்துப் பார்த்தோம். பொரித்து ஓரிரு நாளுக்குள் என்றால் கோழி எண்ணிக்கையைக் கண்டுகொள்ளாது. அதன் பிறகு தன் குஞ்சு எது, அந்நியம் எது என்று தெரிந்துவிடுகிறது. விடியக்காலம் போய்ப் பார்த்தபோது மண்டையில் இரண்டு கொத்து வாங்கியிருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் சந்தையில் கூடைக்காரரிடம் அதே வயசில் இரண்டு குஞ்சுகள் வாங்கினார் அத்தை. மூன்றையும் மருந்தகத்துக்குக் கொண்டுபோய் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணிலும் மூக்கிலும் விட்டுக்கொண்டு வந்தோம். முதல் ஒரு மணி நேரம் கொத்தல்தான்; குஞ்சுகள் முன்பின் தெரியாதவற்றை லேசில் சேர்த்துக்கொள்வதில்லை. பல்பை அணைத்தேன். குளிர ஆரம்பித்ததும் கொத்தல் நின்றது. பத்து நிமிடத்தில் எது நம்முடையது என்று தெரியாதபடி மூன்றும் ஒரே பஞ்சுருண்டையாகக் கிடந்தன. காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்டேன், ஒவ்வொரு துணுக்கும் மேலே ஏறி முடிந்தது. மறுபடி பல்பைப் போட்டேன்.

எச்சம் அப்பிக் கிடந்த கண்ணாடியை அத்தை சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தூணில் பழைய ஆணியிலேயே மாட்டினார்.